எட்டுக் கோடுகள்

ஜனவரி 7, ஞாயிறு

பனியன் கம்பெனியில் புது வருடத்துக்கு டைரி கொடுத்தார்கள். போன வருடம் ஸ்வீட் பாக்ஸ், அதுவே தேவலை. செக்கிங்கில் நாங்கள் பதினான்கு பெண்கள். பதிமூன்று பேர் டைரியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் பிள்ளை வினித்துக்கு இருபது வயது நடக்கிறது, செல்போன் ரிப்பேர் கடையில் வேலை, பேனாவைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நூற்று எழுபத்தெட்டு வாங்கியவள் இந்த இந்திராணி. திருப்பூரில் அது யாருக்கும் தெரியாது.

மத்தியானம் வினித் இடது முன்னங்கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு வந்தான். சூப்பர் மார்க்கெட்டில் பாதி பூசணிக்காயைச் சுற்றி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே கறுப்பாக ஏதோ ஈரமாகத் தெரிந்தது. டாட்டூவாம். என்ன உருவம் என்று கேட்டால், மூன்று நாள் பொறு என்கிறான். ஏதாவது பெண் பெயராக இருக்கும். முருகனாக இருந்தால் இவ்வளவு மறைக்க மாட்டான். அப்பா இல்லாத பிள்ளை, யாராவது ஒருத்தி வந்து பார்த்துக்கொண்டால் எனக்கும் நிம்மதிதான்.

கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜனவரி 10, புதன்

பெண் பெயர் இல்லை. வேடியப்பனின் முகம்.

தர்மபுரிப் பக்கம் எட்டுப் பெண்களைக் கொன்றவன். விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை, நான் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று வேனில் ஏற்றிக்கொண்டு போவான். பிடிபட்டுப் பதினேழு வருடம் ஆகிறது. தூக்கு என்றார்கள், பிறகு ஆயுள் என்றார்கள், ஊர் மறந்தும் போனது. போன வருடம் ஒரு யூடியூப்காரன் ஆறு பாகமாக அவன் கதையைச் சொன்னான், அன்றைக்குப் பிடித்தது சனி. கோர்ட்டு வாசலில் ஒரு நிருபர், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார். இவன் சிரித்துக்கொண்டே "சாப்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பான். அந்தப் பழைய துண்டுக்கு இசையைப் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, பையன்கள் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். வேடி அண்ணன் என்கிறார்கள்.

வினித்தின் கையில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. கீழே "சாப்டீங்களா?" என்று எழுத்து. அதற்கும் கீழே எட்டுக் கோடுகள், ஆளுக்கு ஒன்று.

குத்தியவன் கைகாரன்தான். இடது புருவத்துக்கு மேலிருக்கும் தழும்பைக்கூட விடவில்லை. பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த தழும்பு அது. எங்கேயோ கேள்விப்பட்டது.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 11, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று போன் செய்தேன்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத ஊரில் லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பைக்குக்குப் பொட்டு வைத்தார்கள்.

வினித்தின் கையில் தோல் உரிகிறது. சொறியக் கூடாதாம், களிம்பு தடவ வேண்டுமாம். அவனுக்கு ஒரு கையால் சரியாக வரவில்லை, தடவிவிடும்மா என்று என் மடியில் கையை நீட்டினான். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை என்று தடவினேன். சின்ன வயதில் அந்த முகத்துக்கு எண்ணெய் வைத்துவிட்டவளும் நான்தான்.

இனி மறைத்து என்ன. இதை யார் படிக்கப் போகிறார்கள். வேடியப்பன் என் தம்பி. கூடப் பிறந்தவன். எனக்கு ஐந்து வயது இளையவன்.

வினித்துக்குத் தெரியாது. தம்பி கைதானபோது வினித்துக்கு மூன்று வயது. என் வீட்டுக்காரர் மாணிக்கம் ஒரே வாரத்தில் எங்களைத் திருப்பூருக்குக் கூட்டிவந்துவிட்டார். உனக்குப் பிறந்த வீடு கிடையாது, நீ ஒற்றைப் பிள்ளை, இனி அவ்வளவுதான் என்றார். மஞ்சள் காமாலையில் சாகிறவரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நல்ல மனிதர். அவர் இருந்திருந்தால் வினித்தின் கையைப் பார்த்ததும் என்ன செய்திருப்பாரோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

செக்கிங்கில் எங்கள் வேலை குறை கண்டுபிடிப்பது. தையல் விட்டிருந்தால், துணியில் ஓட்டை இருந்தால், பிரிண்ட் கலைந்திருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு பேர் சூப்பர்வைசர்களாக வந்து போய்விட்டார்கள், நான் விட்ட குறை என்று ஒன்றை ஒருவரும் காட்டியதில்லை.

இன்று மேஜைமேல் வந்து விழுந்த கட்டுகளில் கறுப்பு டி-ஷர்ட் அறுநூறு. எல்லாவற்றிலும் அவன். சென்னைப் பார்ட்டியாம், ஆன்லைனில் விற்பார்களாம். பக்கத்து மேஜை புஷ்பா, ஆள் பார்க்க லட்சணமாக இருக்கிறான், இவனா செய்திருப்பான் என்றாள். நாற்பத்தொரு சட்டையில் கண் கலைந்திருந்தது. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு சேனலில் ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பெயர் ஜெயசுதா, வயது இருபத்தைந்து, ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளுடைய அம்மா தனபாக்கியம் ஆறாவது ஆள். தயவுசெய்து அவன் முகத்தைப் போட்டுக்கொள்ளாதீர்கள், பஸ்ஸில் ஏறினால் கைகளில் இருக்கிறான், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாலு முறை பார்த்தேன். கீழே கமெண்டுகளில் வினித்தின் பெயரும் இருந்தது. "ஓவர் ஆக்டிங்" என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான். செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. சாப்பிடும்போது கேட்டேன். எல்லாரும்தாம்மா போடறாங்க, சும்மா ஜாலிக்கு என்றான். மோர் கேட்டான். ஊற்றினேன்.

கையை நீட்டும்போது கோடுகள்தான் கண்ணில் படுகின்றன. ஐந்துவரை பார்க்க முடிகிறது. ஆறாவதில் கண் நின்றுவிடுகிறது.

மார்ச் 3, ஞாயிறு

டாட்டூ கடைக்குப் போனேன். மாடியில் ஒரு சின்ன அறை, ஏசி, சுவர் முழுக்கப் படம். ஆல்வின் என்று ஒரு பையன், மூக்கில் வளையம், ஆனால் மரியாதை தெரிந்தவன். அக்கா உட்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தான். ஒரு டாட்டூவை அழிக்க முடியுமா என்று கேட்டேன். லேசரில் எட்டுப் பத்து முறை சுட வேண்டும், அப்போதும் நிழல் மாதிரி நிற்கும், குத்திக்கொண்டவனே வந்து கேட்க வேண்டும் என்றான்.

இந்த முகத்தை எத்தனை பேருக்குக் குத்தினாய் என்று கேட்டேன். பொங்கலிலிருந்து நாற்பதுக்கு மேல், அதில் பதினோரு பேர் பெண்கள் என்றான். உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்றேன்.

"கொலகாரன்னு யாரும் வந்து உக்கார்றதில்லக்கா. பயப்படாத ஆளுன்னுதான் வர்றாங்க. வர்றவனுங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு பயம் இருக்குது."

அவனைத் திட்டத்தான் போனேன். திட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. சொல்லிவிட்டேன்.

ஒரு மாதமாக யோசித்ததுதான். தூரத்தில் இருப்பவனைத்தான் அண்ணன் என்று கும்பிட முடியும். சொந்த ரத்தம், சொந்த அவமானம் என்று தெரிந்தால் கை கூசும், அவனே போய் லேசரில் சுட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். இருபது வருடம் வளர்த்தவளுக்குப் பிள்ளையைத் தெரிந்த லட்சணம் இது.

பாயசம் குடித்து முடித்த பிறகு சொன்னேன். முதலில் சிரித்தான். நம்பவில்லை. என்னைப் பார்த்துப் பொய் சொல்கிறாய் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியின் அடியில், மாணிக்கத்தின் சர்டிபிகேட்டுகளுக்கு நடுவில் வைத்திருந்த போட்டோவை எடுத்துக் காட்டினேன். வினித்தின் காதுகுத்து. அவனுக்கு ஒன்றரை வயது, மொட்டைத் தலை, வாயைப் பிளந்து அழுகிறான். தாய்மாமன் மடியில்தானே உட்கார்த்திக் குத்துவார்கள். வேடியப்பன் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

வினித் போட்டோவைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். மெல்லக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப அவரு எனக்குத் தாய்மாமனா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பத்தாவது பாஸான அன்றுகூட அவன் அப்படி இல்லை. என்னைக் கட்டிப்பிடித்து, ஏம்மா இத்தனை நாள் சொல்லல என்று கேட்டான். பெரிய சொத்தை ஒளித்து வைத்திருந்தவளைக் கேட்பதுபோல.

ஏப்ரல் 21, ஞாயிறு

போட்டோவை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டான். ஒரு வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம்.

வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொல்வார் என்று பாத்திரங்களைக்கூட மனதுக்குள் கட்டிவைத்தேன். அவர் வாசலில் வந்து நின்று, சொல்லவே இல்லையே இந்திராணி என்றார், என் வீட்டில் கலெக்டர் இருந்தது தெரியாமல் போனது மாதிரி. கம்பெனியில் முதலாளி மகன் இதுவரை என் பெயரைக் கேட்டதில்லை. நேற்று டி-ஷர்ட்டில் உங்கள் தம்பி கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். எனக்குக் கல்லெறி வாங்கிக்கொள்ளத் தெரியும். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் போட்டோவின் ஓரத்தில் தேதி ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராக்களில் அப்படி வரும். 2006 பிப்ரவரி 12. அதை நான் கவனித்ததே இல்லை. மூன்று லட்சம் பேர் கவனித்தார்கள். ஐந்தாவது பெண் செத்தது அதே நாள் காலையில். வேலையை முடித்துவிட்டு மருமகனுக்குக் காது குத்த வந்திருக்கிறார், தலை ஈரமாக இருக்கிறது பாருங்கள், குளித்துவிட்டு வந்திருக்கிறார், என்னா மனுஷன்யா, என்று எழுதுகிறார்கள்.

தேதி தவறாக விழுந்திருக்கும் என்று வினித்திடம் சொன்னேன்.

மே 5, ஞாயிறு

சிறையில் போய்ப் பார்க்க மனு போடுகிறானாம். வேடியைப் பார்க்க நிறையப் பேர் வரத் தொடங்கியதால் இப்போது ரத்த உறவு தவிர யாரையும் விடுவதில்லை என்று சொன்னான். என் ஆதார், பழைய ரேஷன் கார்டு, உடன் பிறந்தவள் என்று என் கையெழுத்து எல்லாம் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஆயிரம் பேரில் ஒருவனாக வெளியே நின்றிருப்பான். கதவைத் திறக்கிற சாவியை நானே பாயசத்தோடு கையில் கொடுத்திருக்கிறேன்.

முடியாது என்றேன்.

மே 14, செவ்வாய்

ஒன்பது நாளாகப் பேசவில்லை. வெளியே சாப்பிடுகிறான். ஆக்கிய சோற்றை வாசல் நாய்க்குப் போடுகிறேன். அந்த நாயும் இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறது.

இன்று கையெழுத்துப் போட்டேன். தம்பிக்காக நான் போட்ட இரண்டாவது கையெழுத்து இது.

மே 22, புதன்

போய்விட்டு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் தலை நரைத்து, ஒல்லியாக இருந்தாராம். முதலில் சாப்டியா என்று கேட்டாராம். டாட்டூவைக் காட்டியதும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மூக்கு கொஞ்சம் பெருசா போட்டுட்டானே என்றாராம்.

பிறகு வினித் எழுந்து வந்து, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் காலில் விழுந்தான்.

"மாமா எல்லாம் சொல்லிட்டாரும்மா. உங்கம்மா அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லலன்னா அஞ்சோட என் கதை முடிஞ்சிருக்கும்னு சொன்னாரு. இத்தன வருஷம் வாயத் தொறக்கலயே நீ. நீதாம்மா கெத்து."

காலை இழுத்துக்கொண்டேன். அவன் விடவில்லை.

மே 23, வியாழன்

நடந்தது இதுதான்.

அரூர் பக்கத்தில் மாணிக்கத்தின் குலதெய்வக் கோயில். ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் விடிவதற்கு முன்னால் வந்து, முதல் ஆளாக நிற்க வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக்குக் கௌரவம். எங்கள் வீடு ஏழை வீடு, என் மாமியார் அதைச் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. ஏழு மணிக்கு வந்து, எங்கே உன் தம்பி, சீர்த்தட்டுக்குப் பயந்து ஓடிவிட்டானா என்று நாற்பது சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டார். விடியற்காலையிலேயே வந்துவிட்டான், கோயிலுக்குப் பின்னால் கிடா அறுக்கிற இடத்தில் நிற்கிறான் என்றேன். வாய்க்கு வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு அவன் பின்பக்கமாகவே வந்தான். தலை ஈரம், புதுச் சட்டை, சோப்பு வாசனை. தட்டில் வேட்டி, பழம், வினித்துக்குக் கடுக்கன் எல்லாம் சரியாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாகப் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஏட்டு ஒருவர் வந்து விசாரித்தார். அவன் வேனை யாரோ பார்த்திருந்தார்கள். நாற்பது பேரும், விடியற்காலையிலேயே வந்துவிட்டான் என்று சொன்னார்கள், நான் சொன்னதால். கடைசியாக என்னிடம் வந்தார். மாமியார் பக்கத்தில் நிற்கிறார். இப்போது மாற்றிச் சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்றாகிவிடும். வேடி உள்ளே குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் கை நடுங்கியது. விடியற்காலையிலேயே வந்துட்டான் சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு தனபாக்கியம். அதற்குப் பிறகு சின்னத்தாயி. அதற்குப் பிறகு ரோஸ்மேரி.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்கியதைப் பார்த்தேன் என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஜெயசுதா வந்தாள்.

போட்டோவைப் பார்த்து, தேதியைப் பார்த்து, விசாரித்து, தர்மபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பேட்டியில் பார்த்ததைவிடக் குள்ளம். செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்துவிட்டு உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தாள். வினித் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். அவன் எதிரிலேயே பேசட்டும் என்று நினைத்தேன். ஒரு மனுஷியின் முகத்தை நேரில் பார்த்தால் அவனுக்குள் ஏதாவது உடையும் என்று நினைத்தேன்.

"அவன் அன்னிக்கு எத்தன மணிக்கு வந்தான்?"

"பத்து மணிக்கு."

"போலீசுக்கு என்னா சொன்னீங்க?"

"விடியக்காலையிலேயே வந்துட்டான்னு சொன்னேன்."

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒன்றும் இறங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அவள் காலைத் தொடப் போனேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா அதுக்கப்புறம் ஏழு மாசம் இருந்தாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த ஏழு மாசந்தான் எனக்கு அம்மான்னா ஞாபகத்துல இருக்குது. நீங்க உண்மையச் சொல்லியிருந்தா அவங்க இன்னும் இருந்திருப்பாங்க. உங்களத் திட்டவும் முடியல, விடவும் முடியல."

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர் அப்படியே இருந்தது. வினித்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை மாதத்தில் இன்றுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

போனை நோண்டவில்லை. படம் பிடித்திருக்கிறான்.

ஏழு விநாடி. என் முகம் மட்டும், ரொம்பக் கிட்டத்தில், கறுப்பு வெள்ளையில். "விடியக்காலையிலேயே வந்துட்டான்னு சொன்னேன்." பின்னால் டமடமவென்று இசை. "அக்கா" என்று பெரிய எழுத்து. ஜெயசுதாவை வெட்டிவிட்டான். ஏனடா என்று கேட்டேன். அவங்க பேசினா மூடே போயிடுதும்மா என்றான். பிறகு, உன்னை எவ்வளவு பேருக்குப் பிடிச்சிருக்கு பாரு என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அறைந்தேன். இருபது வருடத்தில் முதல் முறை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். என் தம்பியின் சிரிப்பு இல்லை, அவனுடைய சிரிப்புதான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 19, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பொய்ச் சாட்சி சொன்னேன், என்மேல் வழக்குப் போடுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். பொறுமையாகக் கேட்டார். அந்தக் கேஸ் மேல்கோர்ட்டு வரை போய் முடிந்துவிட்டது, அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருங்கம்மா என்றார். வெளியே வரும்போது ஒரு பெண் போலீஸ் பின்னாலேயே வந்தாள். ஏதோ எழுதி வாங்கப் போகிறாள் என்று நின்றேன். ஒரு செல்பி கேட்டாள்.

ஜூன் 20, வியாழன்

ஜெயசுதாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். அவள் வேலையை விட்டுவிட்டாளாம். கடைக்குப் பையன்கள் வந்து, சாப்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

ஜூலை 14, ஞாயிறு

வினித் சென்னைக்குப் போகிறான். ஒரு சேனல்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், மாமாவின் கதையை மருமகனே சொல்கிற மாதிரி வாரம் ஒன்று. ரூம் அவர்களே தருகிறார்கள். போகாதே என்றேன். கெஞ்சினேன். அவன் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே கெஞ்சினேன், அது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கம்மா என்றான். கிளம்புவதற்கு முன்னால் வலது கையைக் காட்டினான். புதிதாகப் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டாம், நான் போனதும் போட்டோ அனுப்புகிறேன் என்றான். அனுப்பினான். நான்தான். ஆல்வின் என் கன்னத்துப் பள்ளத்தைக்கூட விடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. ஷூட்டிங்காக இருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை பஸ்ஸில் கூட்டம். பஞ்சுத் தூசிக்குப் போடுகிற மாஸ்க்கை வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போகிறேன், அது இல்லாமல் இப்போது வெளியே நடக்க முடிவதில்லை. கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை போட்ட ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முன்னங்கை என் கண்ணுக்கு நேரே வந்தது.

உள்பக்கத்தில், மெல்லிய எழுத்தில், அழகாகக் குத்தியிருந்தது. விடியக்காலையிலேயே வந்துட்டான்.

ஒரு நிறுத்தம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இது என்னம்மா என்று கேட்டேன். நான் கேட்டதில் அவளுக்குச் சந்தோஷம்.

"ஒரு அக்கா தம்பிக்காகச் சொன்னதுங்க. ஊரே எதுத்து நின்னாலும் விட்டுக்குடுக்காம சொன்னாங்க. எனக்குன்னு அப்படி நிக்கறதுக்கு யாரும் இல்லீங்க. அதான் குத்திக்கிட்டேன்."

ஆறாவது பெண்ணின் பெயர் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பெண், காலையில் சரியாகச் சாப்பிடாத முகம். கேட்கவில்லை.

உங்களுக்குப் பசங்க இருக்காங்களாங்க என்று கேட்டாள்.

ஒரு பையன் இருந்தான் என்றேன்.

அவள் ஐயோ என்றாள். கம்பியை விட்டுவிட்டு அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்குகிறவரை விடவில்லை.